வெள்ளி பன்னிரண்டு முதல் இரண்டு வரை

கணினி வேலை பார்ப்பவர்களை நான் இலேசில் புகழ்வதில்லை. முப்பது வருட நிருவாக வேலையில் கணினியால் எனக்கு வந்த சுகத்தைவிட வந்த தலையிடிதான் அதிகம். அப்படிப்பட்ட நஜீமாகிய நான் சுல்பிகாவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அந்தப் பிள்ளை என்னை நன்றாக வெட்கப்படுத்தியிருக்கிறாள் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

எங்களுடையது மருந்தகமும் இரத்தப் பரிசோதனைக் கூடமும் சேர்ந்த ஒரு நிறுவனம். தலைமைக் காரியாலயம் கல்முனையில். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏழு கிளைகள். நிந்தவூரில் காலையில் எடுத்த இரத்தத்தின் அறிக்கை பின்னேரம் கல்முனையிலிருந்து கணினி வழியாக அங்கே போய்ச் சேரும். இணைப்பு அறுந்தால் அறிக்கை போகாது. அறிக்கை போகாவிட்டால் நோயாளியின் மகன் ஓட்டோ பிடித்து வந்து என் மேசைக்கு முன்னால் நின்று ஏசுவான். அந்த ஏச்சு எனக்கு விழாமல் பார்ப்பதுதான் சுல்பிகாவின் வேலை.

அவள் சாய்ந்தமருதுப் பிள்ளை. ஒலுவில் கெம்பஸில் படித்தவள். கணவர் ஹாதிக் அக்கரைப்பற்றுக்காரர், வயல் செய்கிறார்; எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்து இவள் வீட்டுக்கு வந்தவர். ஸ்கூட்டியில் வருவாள். அவளுடைய தோள்பையில் ஒரு திருப்புளி, இரண்டு முழம் வயர், குழந்தையின் பால் போத்தல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். எதைக் கேட்டாலும் உடனே ஓம் என்று சொல்ல மாட்டாள். "பாத்துச் சொல்றன் சேர்" என்பாள். வேலைக்கு வந்த முதல் வாரமே எனக்கு இது பெரிய எரிச்சல். பார்த்துச் சொல்வதற்கு என்ன இருக்கிறது, ஓம் என்றால் ஓம், இல்லை என்றால் இல்லை. பிறகுதான் தெரிந்தது, அவள் பார்ப்பது என்றால் நிஜமாகவே போய்ப் பார்ப்பது. மின்சாரம் போனால் இந்த பற்றரிப் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டால், விற்றவனின் புத்தகத்தைப் புரட்ட மாட்டாள். போய் பிளக்கைக் கழற்றிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

கணினிகளும் இணைப்புகளும் நலமாக இருக்கின்றனவா என்று ஓயாமல் பார்த்து, கோளாறு வந்தால் சத்தம் போடும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு நிறுவனத்துக்கு ஒன்று போதும். எங்களிடம் மூன்று இருந்தன. முதலாவதை ஊழியர்கள் 'கொழும்பு' என்று கூப்பிடுவார்கள். வலையமைப்புச் சாமான் விற்ற கொழும்புக் கம்பனி அதையும் சேர்த்துத் தலையில் கட்டியது. வரவேற்பறையில் ஒரு பெரிய டீவி, அதில் எங்கள் கரையோரத்தின் வரைபடம், ஏழு கிளைக்கும் ஏழு பச்சைப் பொட்டு. வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

இரண்டாவதன் பெயர் 'மச்சான்'. எங்கள் பணிப்பாளர் பஸால் ஹாஜியாருடைய மனைவியின் தம்பி தோஹாவில் இந்தத் துறையில் இருக்கிறார். லீவில் வந்த ஒரு தரம் அவர் வைத்துவிட்டுப் போனது அது. பார்க்க ஒரு வடிவும் இல்லை, வெறும் எழுத்துகள். அதை எடுத்துவிடலாம் என்று சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. ஹாஜியார் இருப்பது மனைவியின் வீட்டில். மச்சான் வைத்ததைக் கழற்றிவிட்டு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எந்த முகத்தோடு உட்காருவது?

மூன்றாவது 'சுல்பி'. இனாமாகக் கிடைக்கும் மென்பொருளை எடுத்து, நாலு வருடமாக வரிவரியாகச் சேர்த்து சுல்பிகா தானே கட்டியது. ஒரு கோளாறுக்கு ஒரே ஒரு குறுஞ்செய்தி, அதுவும் தமிழில். மற்ற இரண்டும் தலைமைக் காரியாலயத்துக்கு மின்னஞ்சல் மட்டும் அனுப்பிக்கொண்டிருக்க, கிளைக் காவலாளியின் போனுக்குச் செய்தி அனுப்பியது இது மட்டும்தான். நாங்கள் எல்லாரும் இதைத்தான் நம்பினோம்.

மூன்றும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? இன்னார் இறந்துவிட்டார் என்ற மௌத்து அறிவித்தல் ஒன்று மூன்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கேட்பதுபோல இருக்கும். முதலாவதில் பெயர் சரியாகக் கேட்காது, இரண்டாவதைக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருப்போம், இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று மோதும். நிந்தவூரில் மின்சாரம் போனால் கல்முனையில் நாற்பது செய்தி வரும். யாரும் வாசிப்பதில்லை. மற்றவன் பார்த்திருப்பான் என்று ஒவ்வொருவனும் சும்மா இருப்பான். நானும்தான்.

இப்போது போன வருடத்துக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லாத கதை.

நிந்தவூர்க் கிளையின் பின் அறையில் இன்சுலினும் தடுப்பூசியும் வைக்கும் பிரிட்ஜ் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கிளை பன்னிரண்டு மணியோடு பூட்டு. ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள், காவலுக்கு புண்ணியமூர்த்தி மட்டும் வாசலில் இருப்பார். காரைதீவுக்காரர், ஐம்பது வயது, எங்களோடு ஒன்பது வருடம். மே மாதத்து வெள்ளி ஒன்றில் பிரிட்ஜின் மின்சாரம் மட்டும் நின்றுவிட்டது. சனிக்கிழமை காலையில் திறந்தபோது மருந்து முழுவதும் சூடேறிக் கெட்டுப்போயிருந்தது. வீசியெறிந்தோம். இன்சுலினுக்கு வந்த கிழவர்களைத் திருப்பி அனுப்பினோம்.

நான் 'சுல்பி'யின் பதிவைத் திறந்து பார்த்தேன். வெள்ளி 12.41, நிந்தவூர் பிரிட்ஜ், அலாரம் எழுப்பப்பட்டது என்று தெளிவாக இருந்தது. புண்ணியமூர்த்தியைக் கூப்பிட்டேன்.

"போன் அடிக்கல்ல சேர்," என்றார்.

"அடிச்சிரிக்கி. இந்தா எழுதிக் கிடக்கு. நீங்க நித்திரை."

"கண் மூடல்ல சேர். அம்மாளாச்சி சத்தியமா அடிக்கல்ல."

"மெசின் பொய் சொல்லாது புண்ணியமூர்த்தி. மனிசன்தான் சொல்லுவான்."

இந்த வசனம் என் வாயிலிருந்து வந்தது. வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தை எழுதியதும் நான், கையெழுத்து வைத்ததும் நான். கடமையின்போது உறங்கியமை என்று காரணம் எழுதினேன். அப்போது சுல்பிகா பிள்ளை பெற்று மூன்று மாத லீவில் இருந்தாள். திரும்பி வந்து, புண்ணியமூர்த்தி அண்ணன் எங்கே என்று கேட்டபோது, நின்றுவிட்டார் என்று சொன்னேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இந்த வருடம் ஜூனில் பஸால் ஹாஜியாருக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுக்க வேண்டும், எதை வைப்பது என்று சுல்பிகா ஒரு மாதத்தில் சொல்ல வேண்டும். ஆறு வருடமாகத் தற்காலிக நியமனத்தில் இருந்தவளை நிரந்தரமாக்கும் கோப்பும் அப்போது என் மேசையில் கிடந்தது. நிரந்தரமாக்கும் காரணம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: நிறுவனத்தின் கண்காணிப்பு முறையைத் தானே வடிவமைத்தவர். அதாவது 'சுல்பி' நிலைத்தால் சுல்பிகா நிலைப்பாள். இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆகவே முடிவு என்னவென்று நாங்கள் எல்லாரும் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டோம்.

கொழும்புக்காரர் ஒருவர் கோட்டும் சூட்டுமாக வந்து இரண்டு மணித்தியாலம் படம் காட்டினார். சுல்பிகா மரியாதையாகக் கேட்டிருந்துவிட்டு, அவர் போனதும் ஒரு தாளில் பன்னிரண்டு வரி எழுதினாள். மருதமுனையில் இணைப்பு வயரைக் கழற்றுவது. அட்டாளைச்சேனையில் சேர்வரை நிரப்பி மூச்சுத்திணற விடுவது. இப்படிப் பன்னிரண்டு விபத்துகள்.

"மூண்டும் என்னென்ன செய்யும் எண்டு கேட்டா மூண்டும் எல்லாம் செய்யும் எண்டுதான் வரும் சேர்," என்றாள். "நாம ஒவ்வொண்டா உடைச்சிப் பாப்பம். எது, ஆருக்கு, எத்தின நிமிசத்தில சொல்லுது எண்டு."

மூன்று வாரம் ஸ்கூட்டியில் ஏறி இறங்கி உடைத்தாள். பத்து விபத்தில் 'சுல்பி' முதலாவது. ஒன்றில் மட்டும் 'மச்சான்' முந்தியது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. பரீட்சையில் என் பிள்ளை முதலாம் பிள்ளையாக வந்த மாதிரித் திரிந்தேன்.

பன்னிரண்டாவது, நிந்தவூர் பிரிட்ஜ். அதை வெள்ளிக்கிழமை மதியத்துக்கு வைத்திருந்தாள். ஏன் வெள்ளி என்று கேட்டேன். ஆட்கள் இல்லாத நேரத்தில் எது வேலை செய்கிறது என்று பார்ப்பதற்குத்தானே இந்தச் சாமானே வாங்குகிறோம் என்றாள். பதில் சரிதான். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது காரியாலயத்தில் அவள் தனியாக இருந்தாள். சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் கிடந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது. குழந்தைக்குத்தான் ஏதோ என்று பயந்துவிட்டேன்.

"சேர், புண்ணியமூர்த்தி அண்ணன் நித்திரை கொள்ளல்ல."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஆரு?"

"போன் அடிக்கல்ல எண்டு அவர் சொன்ன உண்மை. அடிக்க விடாம வெச்சது நான்."

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கும் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜும்ஆவில் இமாம் குத்பாப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது ஹாஜியாருடைய போன் அலறியது. ஒன்று அடங்க மற்றொன்று, எங்கள் ஆட்கள் நாலு பேருடைய போனும். வெள்ளியில் பூட்டும்போது எங்கள் கிளைகளில் எல்லா சுவிச்சையும் அணைத்துவிட்டுப் போவார்கள்; அணைத்த ஒவ்வொன்றுக்கும் ஒரு அலாரம். முழுப் பள்ளியும் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கே ஹாஜியார் சுல்பிகாவிடம், "ஜும்ஆ நேரம் சத்தம் வரப்படா மகள், என்ன செய்வீங்களோ தெரியா," என்று சொல்லிவிட்டார். அவளும் ஒரு வரி எழுதினாள். வெள்ளி பன்னிரண்டு முதல் இரண்டு வரை யாருக்கும் செய்தி போகக் கூடாது. பதிவு மட்டும் விழும். வயிற்றில் பிள்ளையோடு இருந்த நேரம், எழுதியதை மறந்தும் போனாள்.

அதோடு ஒரு கோளாறுக்கு ஒரே செய்தி என்பது அவளே வைத்த சட்டம். மௌனத்துக்குள் விழுந்த அலாரம் இரண்டு மணிக்குப் பிறகும் திரும்ப அடிக்காது. சனிக்கிழமை வரைக்கும் அடிக்காது.

அன்றைக்கு என்ன நடந்ததோ அதேதான் இன்றைக்கும். நிந்தவூரில் மருந்தாளர் றுஸ்னா வெறும் பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றியதும், 'சுல்பி'யில் அலாரம் எழுப்பப்பட்டது என்று பதிவு விழுந்தது. எந்தப் போனும் அடிக்கவில்லை. 'மச்சானுடைய' மின்னஞ்சல் மட்டும் வழக்கம்போல வந்து கிடந்தது.

நான் அடுத்துச் சொன்னதை மறைக்க விரும்பவில்லை. "தங்கச்சி, ஒரு வரிதானே," என்றேன். "அத அழிச்சிப்போட்டு திரும்ப ஒருக்காச் சோதிச்சிப் பாருங்க. மத்தாக்களுக்குத் தெரியத் தேவையில்ல."

அவளுடைய கோப்புக்காகச் சொன்னேன் என்றுதான் அந்த நேரம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் என் கையெழுத்து கிடந்த அந்தக் கடிதத்துக்காகவும்தான் சொன்னேன்.

"நானும் அதத்தான் நினைச்சன் சேர்," என்றாள். "கைய வெச்சும் பாத்தன். பொறகு போன வருசத் திகதியப் போட்டுப் பாத்தன். அந்த மனிசன்ட நம்பருக்கு நேரே 'அனுப்பவில்லை' எண்டு கிடக்கு. ஒரு பக்கம் தள்ளிப் பாத்திருந்தா நீங்களும் கண்டிருப்பீங்க."

நான் ஒரு பக்கம் தள்ளிப் பார்க்கவில்லை.

அப்போதே காரைதீவுக்குப் போவோமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். வேலையும் பேரும் போன மனிசனிடம் வெறுங்கையோடு போய் என்னத்தைச் சொல்வது, முதலில் பணிப்பாளர் சபைக்குச் சொல்லிக் கடிதம் எடுப்போம் என்றாள். அந்தச் சபையில் என்ன சொன்னால் தன் கோப்புக்கு என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் ஹாதிக்கிடமும் கேட்டிருக்கிறாள். இந்தப் போகம் விளைச்சல் மோசம்தான், ஆனாலும் சொல்லு என்றாராம்.

செவ்வாய்க்கிழமை சபை கூடியது. ஹாஜியாரும் மற்ற மூன்று பணிப்பாளர்களும். சுல்பிகா எழுந்து, 'மச்சானை' வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடலாம் என்றாள். ஹாஜியார் முதலில் சிரித்தார்.

"மகள், ஒங்கட சாமான நீங்களே வேணாம் எண்டு சொல்றீங்களா? பத்துல அதுதானே முந்தினது?"

"மூண்டும் சத்தம் போடும் ஹாஜியார். எது சும்மா இரிக்கி எண்டத்தயும் சொல்லுதா எண்டுதான் நான் கடைசியாப் பாத்தன். மச்சான்ட முன்பக்கத்திலயே செவப்பில கிடக்கு, என்னத்த அடக்கி வெச்சிரிக்கி, ஆரு அடக்கின, எப்ப வரைக்கும் எண்டு. என்டதில அது உள்ளுக்க எங்கயோ கிடக்கும். நான் ஒருத்திதான் போய் எடுக்கலாம்."

"கொழும்புட படம் வடிவாத்தானே இரிக்கி?"

"வடிவுதான். பிரிட்ஜ் நிண்டு இருவது நிமிசமும் நிந்தவூர் பச்சையாத்தான் இருந்திச்சு."

"அப்ப ஒங்கடதத் திருத்தி எடுங்களன்."

"திருத்தலாம் ஹாஜியார். ஆனா நான் புள்ளப் பேத்துக்குப் போன மூண்டு மாசமும் அதுக்குள்ள என்ன கிடக்கு எண்டு இவடத்த ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒரு மனிசன்ட வேல போயிரிக்காது."

பிறகு புண்ணியமூர்த்தியின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். நான் எழுதினேன், நான் மறந்தேன் என்றே சொன்னாள். அந்த வரியை எழுதச் சொன்னது யார் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. நான் ஹாஜியாருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சத்தம் வரப்படா எண்டு சொன்ன நான்தானே," என்றார். அப்போதுதான் என் வாயும் திறந்தது. கடிதம் என்னுடையது, விசாரிக்காமல் எழுதினேன் என்றேன்.

புண்ணியமூர்த்தியைத் திரும்ப எடுப்பதற்கும், நின்ற காலத்துச் சம்பளம் கொடுப்பதற்கும், ஏழு கிளை அறிவித்தல் பலகையிலும் உண்மையைப் போடுவதற்கும் ஒரே பேச்சில் முடிவாயிற்று. 'மச்சானை' வைத்துக்கொள்வதும் முடிவாயிற்று. "அவன் தோஹாவில இருந்து பீத்திக்கொள்ளப் போறான்," என்று ஹாஜியார் தலையில் கை வைத்தார். ஆனால் சுல்பிகாவின் நிரந்தர நியமனத்தைப் பணிப்பாளர் ஒருவர் ஆறு மாதத்துக்குத் தள்ளிப்போடச் சொன்னார். காரணமாக எழுதிய சாமானையே கழற்றிவிட்டதால் காரணம் இல்லையாம். நான் சண்டை பிடித்தேன். காரணத்தை மாற்றி எழுதுகிறேன், நேர்மை என்று எழுதுகிறேன் என்று கத்தினேன். அப்படி ஒரு தலைப்பு படிவத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதை எழுதும் இன்றைக்கும் அவள் தற்காலிகம்தான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அவள் பாட்டுக்கு 'மச்சானுக்கு'த் தமிழில் செய்தி அனுப்பப் பழக்கிக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமை பின்னேரம் நானும் அவளும் காரைதீவுக்குப் போனோம். புண்ணியமூர்த்தி ஒரு மரக்காலையில் பலகை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போகிறார். தோளில் காய்ப்பு விழுந்திருந்தது. எங்களைக் கண்டதும் ஓடிப் போய்ச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து கதிரை எடுத்துப் போட்டார். என்னை நேரே பார்க்கவில்லை.

சுல்பிகா கதிரையில் இருக்காமலே சொன்னாள். "அண்ணன், போன் அடிக்கல்ல. நீங்க சொன்ன சரி. அது அடிக்காம இரிக்க நான் ஒரு கட்டள எழுதி வெச்சிருந்தன், அத மறந்தும் போயித்தன். என்டால ஒங்கட வேல போன. மாப்புக் கேக்க வந்த நான்."

வேலை திரும்பக் கிடைக்குமா என்று கேட்பார் என்றுதான் நான் நினைத்தேன். கடிதம் என் சேர்ட் பையில் ஆயத்தமாக இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்ச ஒருக்கா வா கா," என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த மனுசி ஈரக் கையோடு வந்து கதவு நிலையில் நின்றாள்.

"மிஸ், மத்தாக்கள் நம்பாட்டிப் பறவால்ல," என்றார் புண்ணியமூர்த்தி. "இவளும் நம்பல்ல. சண்ட வந்தா நித்திரைக்காறன் எண்டுதான் ஏசுவாள். இவளுக்கு ஒருக்காச் சொல்லுங்க."

சுல்பிகா அந்த மனுசிக்கு முன்னால் போய் நின்று, கணினிச் சொல் ஒன்றுகூடக் கலக்காமல், தொடக்கத்திலிருந்து திரும்பச் சொன்னாள். மனுசி முழுவதையும் கேட்டாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"எனக்கிட்டயும் வந்து போன் அடிக்கல்ல எண்டுதானே சொன்ன நீங்க," என்றாள். "நான் திரும்ப ஒருக்காக் கேக்கவும் இல்ல."

எனக்கு அதற்கு மேல் கதிரையில் இருக்க முடியவில்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு வருவது என்றுதான் நான் போனேன், மாப்புக் கேட்பது என் திட்டத்தில் இருக்கவில்லை. எழும்பிப் போய் அந்த மனிதனுடைய கையைப் பிடித்தேன். மனைவிக்கு முன்னாலேயே மாப்புக் கேட்டேன்.